ஒரே தாளில் ஐந்து எடைகள்

அன்று காலை ஒன்பதிலிருந்து பத்து மணிக்குள் என் வயிற்றை ஐந்து பேர் எடைபோட்டார்கள். தராசு கிடையாது, கை மட்டும்தான். ஐவரும் பயிற்சி மருத்துவர்கள். வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். உள்ளே இருந்த என் மகள் எத்தனை கிலோ என்று ஒவ்வொருவரும் தடவிப் பார்த்து ஓர் எண்ணை எழுத வேண்டும். எழுதினார்கள். அந்த எண்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கோபம் தணிந்துவிட்டதால் அல்ல. பெயர் போட்டால், படிப்பவர்கள் அந்த ஒரு மருத்துவமனையைத் திட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் பதினொரு வருடம் வேலை பார்த்தவள். முதலில் நிருபர். பிறகு ஆங்கிலச் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளைத் தமிழாக்கும் மேசை. குணாவைக் கல்யாணம் செய்துகொண்டு மலைக்கு வந்தேன். குணாவுக்கு ரிங்லெட் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில், இலை வாட்டும் பகுதியில் மேற்பார்வை வேலை. தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறோம். ஏழு வருடம் கழித்து, முப்பத்தேழு வயதில், முதல் பிள்ளை தங்கியது.

ஆறாவது மாதத்தில் மலையில் உள்ள கிளினிக்கில் சர்க்கரைத் தண்ணீர்ச் சோதனை செய்தார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, ஒரு குவளை தித்திப்புத் தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்து, மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். என் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் குடித்ததை வாந்தியெடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எனக்கு வாந்தி வரவில்லை. சர்க்கரை இருப்பது தெரிந்தது.

"பயப்படாதீங்க லா," என்றார் மிஸி. நர்ஸை நாங்கள் மிஸி என்றுதான் சொல்வோம். "புள்ள பெத்ததும் போய்ரும். சோத்தக் கொறைங்க. சீனி போட்ட தே தாரிக் டீய நிப்பாட்டுங்க. மாத்திர போடுங்க." பேசிக்கொண்டே என் கர்ப்பப் புத்தகத்தின் அட்டையில் வேறு நிறத்தில் ஒரு வட்டத்தை ஒட்டினார். நிறம் மாறினால் கவனமாகப் பார்க்க வேண்டிய கேஸ் என்று அர்த்தம்.

இந்தச் சர்க்கரை பிள்ளையை என்ன செய்யும் என்று அவர் கொடுத்த துண்டுத்தாளில் இருந்தது. தாயின் ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் சர்க்கரை பிள்ளைக்கும் போகிறது. பிள்ளை அதைக் கொழுப்பாக்கிச் சேர்த்துக்கொள்கிறது. எங்கே சேர்கிறது என்பதுதான் விஷயம். தலையில் சேர்வதில்லை. தோளிலும் வயிற்றிலும் சேர்கிறது. அதனால் தலை வந்த வழியில் தோள் வராமல் மாட்டிக்கொள்ளலாம். எடை கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும். இப்படிப்பட்ட பிள்ளை நான்கு கிலோவைத் தொடுகிறது என்று தெரிந்தால், வலி வரவைத்துப் பார்ப்பதா, அறுவை செய்து எடுப்பதா என்று மருத்துவர்கள் தாயோடு உட்கார்ந்து பேசுவார்கள். ஆக, எடை என்ன என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

தெரிந்துகொள்ள இரண்டு வழிகள். ஒன்று ஸ்கேன். இயந்திரம் பிள்ளையைத் தராசில் வைப்பதில்லை. தலையின் அகலத்தையும் வயிற்றின் சுற்றளவையும் தொடை எலும்பின் நீளத்தையும் அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டு எடையைச் சொல்கிறது. பத்தில் ஒரு பங்கு தப்பலாம், சில சமயம் அதற்கு மேலும் தப்பலாம். எனக்கு முப்பத்துநான்காவது வாரத்தில் மலையில் எடுத்த ஸ்கேன் இரண்டு கிலோ அறுநூறு கிராம் என்றது. நான்கு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் எழுதினார்கள். இரண்டாவது வழி கை.

முப்பத்தெட்டாவது வாரம் கீழே இருக்கும் பெரிய அரசாங்க மருத்துவமனையில் சேரச் சொன்னார்கள். குணா காடியை வளைவுக்கு வளைவு மெதுவாக ஓட்டினான். நான் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி வாந்தியெடுத்தேன். பின்சீட்டில் குணாவின் அக்கா விஜயா அண்ணி இருந்தார். தேயிலை பாக்கெட் போடும் பகுதியில் வேலை. அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியில் பாகற்காய்ப் பொரியலும் வேகவைத்த கடலையும் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஆஸ்பித்திரிச் சோத்துல எவ்ளோ சீனி போடுவானுங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். "இத சாப்டு மாலு. நாள மறுநாள் ஒனக்கு ஜாங்கிரி வாங்கித் தரேன்."

வார்டில் எனக்கு ஜன்னல் ஓரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் பத்மா. கம்போங் ராஜாவில் பூத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். அது அவளுக்கு மூன்றாவது பிரசவம். ரத்த அழுத்தத்துக்காக ஒரு வாரமாக அங்கேயே கிடந்தாள். வந்த அரை மணி நேரத்தில் எந்தத் தாண்டாஸில், அதாவது கழிவறையில், தண்ணீர் வரும், எந்த மிஸி எரிந்து விழுவார், எந்த டாக்டருக்கு ஊசி போடக் கை நடுங்கும் என்பதையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டாள்.

"இங்க சின்ன டாக்டருங்க நெறைய பேரு, அக்கா. ஒருத்தன் வயித்தத் தொட்டுட்டுப் போவான், பின்னாலயே இன்னொருத்தன் வருவான். டிக்கெட் போட்டா நம்ம ரெண்டு பேருக்கும் நல்ல வருமானம் லா."

முதல் நாள் பிற்பகல் வார்டின் தலைமை மருத்துவர் வந்தார். சீனர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், குள்ளமானவர். வார்டில் எல்லாரும் அவரைப் பெரிய டாக்டர் என்றார்கள். பின்னால் ஐந்து பயிற்சி மருத்துவர்கள். என்னிடம் அனுமதி கேட்டு, என் வயிற்றை வைத்தே பாடம் எடுத்தார். பாடம் ஆங்கிலத்தில் நடந்தது.

அந்தப் பாடம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் வயிற்றின் உச்சியில் வைக்க வேண்டும். மேலே இருப்பது தலையா, பிட்டமா? தலை கெட்டியாக உருளும், பிட்டம் மெத்தென்று அசையும். அடுத்து இரண்டு பக்கங்கள். ஒரு பக்கம் பலகைபோல் நீளமாக இருந்தால் அது முதுகு. மறுபக்கம் கட்டை கட்டையாகத் தட்டுப்படுபவை கைகால்கள். பிறகு அடிவயிற்றில் தலையைப் பிடித்துப் பார்ப்பது. தலை இடுப்பெலும்புக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது, எவ்வளவு வெளியே இருக்கிறது? எல்லாம் பார்த்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இதுவரை தொட்ட வயிறுகளோடு ஒப்பிட்டு, ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்ததும் உண்மையான எடையைப் பார்த்து, நாம் எவ்வளவு தப்பினோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். நூறு வயிறு, இருநூறு வயிறு என்று இப்படித் தப்பித் தப்பித்தான் கை படிக்குமாம்.

"உங்களில் சிலரை சபாவுக்கும் சரவாக்குக்கும், காட்டோர ஊர்களுக்கு, அனுப்புவார்கள்," என்றார் பெரிய டாக்டர். "அங்கே ஸ்கேன் இயந்திரம் பழுதாகிக் கிடக்கும். அன்றைக்கு உங்களுக்கு இருப்பது இந்தக் கை மட்டும்தான்."

அவரிடம் ஒரு விதி இருந்தது. ஒவ்வொருவரும் தன் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, அவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும். அடுத்தவர் எண்ணைப் பார்க்கக்கூடாது. பிறகுதான் ஸ்கேன். ஏன் என்று ஒருவன் கேட்டான்.

"பக்கத்தில் இருப்பவனின் எண்ணைப் பார்த்தால், நீ தொடுவது நோயாளியின் வயிற்றை அல்ல, அவனுடைய எண்ணை" என்றார்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் அறுவை அரங்கில் இருந்தார். வார்டைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் அவசரத்தில் இருந்தார். இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், மூன்று பேரைச் சேர்க்க வேண்டும். சீட்டுக் கிழிக்க அவருக்கு நேரமில்லை. ஏதோ ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் ஐந்து கோடு போட்டு, அட்டையில் செருகி, என் கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிட்டார். "ஆளுக்கொரு கோட்டில் எழுதுங்கள். எழுதியதும் ஸ்கேனுக்கு அனுப்பலாம்."

துண்டுச் சீட்டுக்குப் பதிலாக ஒரே தாள். அன்று நடந்த தவறு இவ்வளவுதான். பார்க்க அது தவறு மாதிரியே இல்லை.

முதலில் வந்தவன் தினேஷ். அந்தக் குழுவில் கெட்டிக்காரன் என்று பெயர். தலைநகரத்துப் பையன், நம்மவன்.

"அக்கா, கொஞ்சம் வயித்தப் பாக்கணும், ஓகேவா? கை கோல்டா இருக்கும், சாரி."

"பாருங்க தம்பி."

கை உண்மையிலேயே சில்லென்றுதான் இருந்தது. ஒரு நிமிடத்தில் முடித்தான். திரும்பி மற்றவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னான். "எஸ்டேட் பெண்மணி. ஒன்றரை மீட்டர்கூட இல்லை. இவர்களுக்கெல்லாம் சின்னக் குழந்தைதான். மூன்று புள்ளி இரண்டு." முதல் கோட்டில் எழுதினான்.

ஆங்கிலம் படித்து அதைத் தமிழில் எழுதிச் சம்பளம் வாங்கியவள் நான். அது அவனுக்குத் தெரியாது. அவன் பார்த்தது எண்ணெய் தடவிய தலையையும், அண்ணியின் பழைய கைலியையும், புத்தகத்தில் இருந்த தோட்டத்து முகவரியையும். என் உயரம் நூற்று நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். அது சரிதான். எங்கள் அம்மாக்கள் காலத்தில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு கூடை சுமந்தவர்களுக்குப் பிறந்தவை சின்னக் குழந்தைகளாகத்தான் இருந்திருக்கும். அதை யாரோ ஒருவர் இவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்த வெள்ளைச் சோற்றையும் சீனியையும் பற்றி யாரும் சொல்லவில்லை.

இரண்டாமவன் கோட்டைப் பார்த்தான், பிறகு என் வயிற்றைத் தொட்டான். மூன்று புள்ளி ஒன்று. மூன்றாவதாக வந்த பெண் மூன்று புள்ளி மூன்று. நான்காவது நூருல். பேச்சு குறைவு. என்னை புவான் என்று மரியாதையாக அழைத்து மலாயில் கேட்டாள். "வலிக்கிறதா புவான்? இன்னும் கொஞ்சம் அழுத்தலாமா?"

அவள் கை மட்டும் நின்று நிதானித்தது. உச்சியில் இருந்தது, பக்கத்துக்கு வந்தது, மறுபடி உச்சிக்குப் போனது. கண்ணை மூடியிருந்தாள். தலையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதற்கு மேலே தோள் இருக்கும் இடத்தில் விரல்களை அகல விரித்து வைத்தாள். பிறகு போய் எழுதினாள். நான்கு புள்ளி பூஜ்யம்.

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஐந்தாமவன் சிரித்தான். "நான்கா? எருமைக்கன்றா?"

"நூருல், தண்ணீர்க் குடத்தையும் சேர்த்து நிறுத்துவிட்டாய்," என்றான் தினேஷ்.

கெட்ட சிரிப்பு இல்லை. முப்பது மணி நேரமாகத் தூங்காதவர்கள் சிரிக்கும் சிரிப்பு. நூருலும் சேர்ந்து சிரித்தாள். நான்கின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் மூன்று புள்ளி நான்கு என்று எழுதினாள். ஐந்தாமவன் மூன்று புள்ளி இரண்டு.

"என்னாக்கா சிரிக்கிறானுங்க? ஏலம் உடுறானுங்களா?" என்றாள் பத்மா.

"புள்ள எடை சொல்றாங்க."

"எவ்ளோக்குப் போச்சு?"

"மூணேகால்."

"அவ்ளோதானா! என் ரெண்டாவதே மூணரை. நீங்க உக்காந்து எந்திரிக்கிறதப் பாத்தா ஆம்பளப் புள்ள, அதுவும் தடியன்னு நெனச்சேன்." அவள் சொன்னதில் பாதி தப்பு.

ஒன்பது மணியிலிருந்து பத்து மணிவரை நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் கிடந்தேன். செய்தி மேசையில் முதல் வருடமே கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. ஐந்து பத்திரிகைகள் ஒரே செய்தியைப் போட்டால் ஐந்து ஆதாரம் என்று எண்ணக்கூடாது. ஐந்தும் ஒரே செய்தி நிறுவனத்திலிருந்து எடுத்ததாக இருக்கலாம். வேறு மாதிரி எழுதிய ஆறாவது பத்திரிகையைத்தான் முதலில் படிக்க வேண்டும். இதை நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் காலையில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் சின்ன எண் எனக்குப் பிடித்திருந்தது. வயிற்றைக் கிழிக்க வேண்டாம், கால் மரத்துப்போகிற ஊசி வேண்டாம், சீக்கிரம் வீடு திரும்பலாம். மூன்றேகால் என்பது எனக்குச் சாதகமான செய்தி. அதைச் சரிபார்க்க எனக்கு மனமில்லை.

வார்டு மருத்துவர் பதினொரு மணிக்கு வந்து தாளைப் பார்த்தார். ஸ்கேன் அறையில் அன்று நீண்ட வரிசை. "ஐந்து பேரும் ஒன்றுபோலத்தான் சொல்கிறார்கள். மலையில் எடுத்த ஸ்கேனோடும் ஒத்துப்போகிறது. திரும்ப எடுக்க வேண்டியதில்லை. நாளைக்கு மாத்திரை வைக்கலாம்." கோடு இழுத்த நான்கு அவர் கண்ணில் பட்டதா என்று எனக்குத் தெரியாது. அடித்துவிட்ட எண்ணை யாரும் படிப்பதில்லை.

பார்வை நேரத்தில் குணா வந்தான். மூன்றேகால் என்றதும் முகம் மலர்ந்தது. "அப்ப கத்தி வேணாம்ல?" என்று இரண்டு தடவை கேட்டான். வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை கருப்பை வாயை இளக்கும் மாத்திரையை உள்ளே வைத்தார்கள். வலி பிடித்தது. மதியம் பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சுவரில் கடிகாரம் என் கண்ணுக்கு நேரே இருந்தது. மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத் தலை வந்தது. வந்த தலை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது. தோள் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு மிஸி சுவரில் இருந்த பொத்தானை அடித்தார். யாரோ ஒருவர் சத்தமாக நிமிடங்களை எண்ணத் தொடங்கினார். என் இரண்டு முழங்கால்களையும் மார்புவரை மடக்கிப் பிடித்தார்கள். ஒருவர் ஸ்டூலில் ஏறி நின்று அடிவயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே, இரண்டு கையாலும் அழுத்தினார். "முக்காதே, முக்காதே" என்றார்கள். பிறகு "முக்கு" என்றார்கள். ஓடி வந்தவர்களில் பெரிய டாக்டரும் இருந்தார். அவர் கையை உள்ளே விட்டு எதையோ திருப்பினார். மூன்று மணி பதினாறு நிமிடத்துக்கு மகள் வெளியே வந்தாள். நீலமாக, சத்தமில்லாமல். மூலையில் விளக்குக்குக் கீழே கொண்டுபோனார்கள். நான் நொடிமுள்ளைப் பார்த்தேன். அது முழுதாக ஒரு சுற்று போய், இன்னும் கொஞ்சம் போன பிறகு அழுகை கேட்டது.

தராசில் வைத்தார்கள். நான்கு கிலோ நூற்றைம்பது கிராம்.

துணியில் சுற்றி என்னிடம் காட்டியபோது முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். இடது கை மடங்கி முஷ்டி பிடித்திருந்தது. வலது கை உடம்போடு ஒட்டி நீட்டிக் கிடந்தது. உள்பக்கமாகத் திரும்பி, மணிக்கட்டு பின்னால் வளைந்து, உள்ளங்கையை யாருக்கோ நீட்டியபடி இருந்தது. மேசைக்கு அடியில் லஞ்சம் வாங்குகிறவனின் கை அப்படித்தான் இருக்கும்.

கழுத்திலிருந்து கைக்கு ஒரு நரம்புக் கட்டு போகிறது. தோள் மாட்டிக்கொண்டபோது அது இழுபட்டிருக்கிறது. வெறும் இழுவை என்றால் சில மாதங்களில் சரியாகிவிடும். கிழிந்திருந்தால் முழுதாகச் சரியாகாது. எது என்று இப்போது சொல்ல முடியாது. பெரும்பாலும் சரியாகிவிடும். இதைக் குழந்தை மருத்துவர் நிதானமாகவும் அன்பாகவும் சொன்னார். "பெரும்பாலும்" என்ற சொல்லை நான் எத்தனையோ செய்திகளில் போட்டிருக்கிறேன். மிச்சம் இருப்பவர்களை ஒருநாளும் நினைத்ததில்லை.

மறுநாள் காலை பெரிய டாக்டர் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தார். கையில் அந்தத் தாள். என்னிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லிவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினார். "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?"

"ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும்," என்றான் தினேஷ். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் நான் ஆங்கிலத்தில் பேசினேன். "ஒருவர் நான்கு என்று எழுதினார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் அடித்துவிட்டார். தாளைப் பாருங்கள், அடித்தது தெரியும்."

தினேஷின் முகம் வெளிறியது. முந்தாநாள் பேசியதையெல்லாம் அவன் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் எனக்கு ஒரு நிமிட நிம்மதி கிடைத்தது. ஒரு நிமிடம்தான். பெரிய டாக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"யாருடைய கோடு இது?"

நூருல் கையைத் தூக்கினாள்.

"உன் கை சரியாகச் சொல்லியிருக்கிறது. நீ ஏன் அதை அடித்தாய்? இவன் சிரித்தான் என்றா? நாளைக்கு நீ தனியாக ஒரு மருத்துவமனையில் இருக்கும்போது யாராவது சிரித்தால் நோயாளியைச் சாகவிடுவாயா?" குரலை உயர்த்தவில்லை. ஆனால் வார்டு முழுக்கக் கேட்டது. தெரியாமல் தவறிய நால்வருக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. தெரிந்தும் விட்டுக்கொடுத்தவளுக்குத்தான் அத்தனையும். நூருல் தரையைப் பார்த்து நின்றாள். நான் அவளுக்காகத்தான் பேசினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய டாக்டர் போகும்போது என்னைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்கு ஆங்கிலம் தெரியும். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். அன்றே ஏன் சொல்லவில்லை?"

 பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாலையில் நூருல் ரத்தம் எடுக்க வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"உன்னை மாட்டிவிட நான் சொல்லவில்லை," என்றேன் மலாயில்.

"தெரியும் புவான்." ஊசியைக் குத்தினாள். வலிக்கவில்லை. அவள் கை அவ்வளவு நல்ல கை. "நான்கு என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் இதுவரை நான் சொன்னதெல்லாம் தப்பாகத்தான் போயிருக்கிறது. இதுவும் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்." பஞ்சை வைத்து அழுத்தினாள். "பாப்பாவைப் பார்க்கலாமா?"

பார்த்தாள். வலது உள்ளங்கையில் விரலை வைத்தாள். மகள் அதை இறுகப் பிடித்தாள். விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோளும் முழங்கையும் மணிக்கட்டும்தான். நூருல் விரலை உருவிக்கொள்ள வெகுநேரமானது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசாங்க மருத்துவமனை, கட்டணம் பெரிதாக ஒன்றுமில்லை. காடியில் மலை ஏறும்போது குணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாள், சிரிப்பு, அடித்த எண். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அவ நாலுன்னு எழுதுனத?"

"ஆமா."

"அத பாத்துட்டுத்தான் எங்கிட்ட கத்தி வேணாம்னு சொன்னியா?"

பின்சீட்டில் பிள்ளையை மடியில் வைத்திருந்த அண்ணி, "ஓட்டுறதப் பாத்து ஓட்டுடா," என்றார். அணைக்கட்டு ஏரி வரும்வரை அவன் வளைவுகளைப் பார்த்து ஓட்டினான். அதன் பிறகும் அந்தக் கேள்வியை குணா மறுபடி கேட்டதில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நாட்கள் கையைச் சுற்றியே நடந்தன. உடுப்பு மாட்டும்போது முதலில் வலது கை, கழற்றும்போது கடைசியில் வலது கை. ஒவ்வொரு முறை பம்பர்ஸ் மாற்றும்போதும் தோளை மெதுவாகத் தூக்கி, வெளியே திருப்பி, முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். பத்துத் தடவை. மலைக்குளிரில் பிள்ளைக்குக் கம்பளி போட்டாக வேண்டும், ஆனால் கம்பளிக் கையை இழுத்து மாட்டினால் அலறுவாள். அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து, அவளுடைய நான்கு ஸ்வெட்டர்களின் வலது கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை வெட்டித் திறந்து, ஓரத்தை மடித்துத் தைத்து, முடிச்சுப் போட நாடா வைத்தார். "பாரு, சட்ட அவளத் தேடி வரும். அவ சட்டயத் தேடிப் போவ வேணாம்."

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கீழே போய் வந்தோம். நான்காம் மாதம் மணிக்கட்டு நேரானது. ஆறாம் மாதம் முழங்கை கொஞ்சம் மடங்கியது. தோள் அசையவில்லை. ஒன்பதாம் மாதம் நரம்பு அறுவைக்காக வேறொரு மருத்துவமனையில் காட்டினோம். செய்யலாம், ஆனால் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். காத்திருக்கிறோம். நான் எழுதிய புகாருக்குப் பதில் வந்தது. மதிப்பீடு நடைமுறைப்படியே செய்யப்பட்டது, எடையைக் கணிப்பதில் இயல்பான பிழை உண்டு என்று இருந்தது. வாக்கியங்களில் பிழை எதுவும் இல்லை.

நூருல் பயிற்சி முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டாளாம். பத்மா சொன்னாள். பத்மாவுக்கு மகன், மூன்று கிலோ.

சென்ற மாதம் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. மகளுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும். இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். பூசாரி பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் அவள் இடது கையை நீட்டினாள்.

"சோத்துக் கைய நீட்டு தங்கம்," என்றார் பூசாரி, சிரித்துக்கொண்டே, பழத்தைப் பின்னால் இழுத்தபடி. அவர் புதியவர், அவருக்குத் தெரியாது. பின்னால் நின்றவர்களுக்குத் தெரியும். 

குணா ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவளுடைய வலது முழங்கைக்குக் கீழே என் கையைக் கொடுத்து, பூசாரிக்கு எட்டும் உயரத்துக்குத் தூக்கினேன். அவர் பழத்தை வைத்தார். விரல்கள் இறுக மூடிக்கொண்டன. நான் கையை எடுத்தேன். பழத்தோடு அவள் கை மெல்லக் கீழே இறங்கி, இடுப்புப் பக்கம் தொங்கியது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் இடுப்பிலிருந்தபடியே வளைந்து குனிந்து, தலையைக் கீழே கொண்டுபோய், பழம் இருந்த இடத்தில் வாயை வைத்தாள்.